கடை முகவரி

யாராவது என் மேசைக்கு விண்ணப்பத்தை நீட்டினால் நான் முதலில் பார்ப்பது முகவரியைத்தான். தேயிலைத் தோட்டத்து முகவரியாக இருந்தால், "டவுன்ல சொந்தக்காரங்க யாரும் இல்லீங்களா? அந்த அட்ரஸையும் எழுதிருங்க" என்பேன். நல்ல பிள்ளை என்று வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். என் யோக்கியதை எனக்குத்தானே தெரியும்.

எங்கள் லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்களுக்கு இலக்கமும் இல்லை, தெருப் பெயரும் இல்லை. கடிதங்கள் எல்லாம் தோட்ட ஆபீசுக்கு வரும். அங்கே யாருடைய மேசையிலாவது கிடந்து, அந்தப் பக்கம் போகிறவர் கையில் ஏறி, ஒருநாள் வீடு வந்து சேரும். அட்டன் டவுனில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை ஒன்று இருக்கிறது என்று நானும் பக்கத்துக் காம்பராத் தோழியும் விண்ணப்பித்தபோது, அவள் தோட்ட முகவரியை எழுதினாள். டவுனில் துணிக்கடையில் நிற்கும் என் மாமா, "கடை அட்ரஸைப் போடு, அன்னன்னைக்கே கெடைக்கும்" என்றார். போட்டேன். அவளிடம் சொல்லவில்லை. அதில் சூது எதுவும் இல்லை, மறந்துதான் போனேன்.

நேர்முகப் பரீட்சை சிங்களத்தில் நடக்கும் என்று கேள்விப்பட்டதும், சிங்களம் சரியாக வராத நான் அவளிடம்தான் ஓடினேன். அவளுக்குக் கவலையே இல்லை. சிவனொளிபாத மலையடியில், நல்லதண்ணியில், இரண்டு யாத்திரை சீசன் பொம்மைக்கடையில் நின்றவள், சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. பின்னேரங்களில் தன் அப்பாவின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு பெரிய அதிகாரி போல உட்கார்ந்து, "வாடிவென்ன" என்று என்னை உட்காரச் சொல்வாள். "தரையப் பாக்காதடி, மூஞ்சியப் பாத்து பேசு" என்று தலையில் குட்டுவாள்.

உங்களை ஏன் எடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு பதில் வைத்திருந்தாள். 'தோட்டத்து ஆட்கள் ஃபோம் நிரப்பத் தெரியாமல் பாதி வேலையோடு திரும்பிப் போகிறார்கள். நான் இருந்தால் ஒருவரும் அப்படிப் போகமாட்டார்கள்.' அவளே யோசித்து உண்டாக்கிய பதில். எனக்கு வாயில் நுழையும்வரை அதைச் சிங்களத்தில் சொல்லிக் கொடுத்தாள்.

ஒரு சனிக்கிழமை மாமா கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். புதன்கிழமை நேர்முகம். அன்று பின்னேரம் அவள் கேட்டாள்.

"இன்னும் வரலியேடி. வந்தா ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் வரும், என்ன?"

"ஆமா" என்றேன்.

முகவரியைச் சொல்லாதது மறதி. இது மறதி இல்லை. ஒரே ஓர் இடம், அவள் வந்தால் எனக்குக் கிடைக்காது. அவ்வளவுதான் கணக்கு. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் அவள் எதிரில் உட்கார்ந்து பயிற்சியும் எடுத்தேன். அப்படி ஒரு கல்நெஞ்சு எனக்கு எங்கிருந்து வந்ததோ.

புதன் காலை, வட்டவளையில் சித்தி வீட்டு விசேஷம் என்றேன். அவள்தான் சேலை மடிப்பு பிடித்துவிட்டாள். எட்ட நின்று பார்த்துவிட்டு, "நல்லாருக்குடி. இன்டர்வியூவுக்கும் இதையே கட்டு" என்றாள்.

நேர்முகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அவள் பதிலைச் சொன்னேன். நடுவில் இருந்த அதிகாரி தலையாட்டிக்கொண்டே ஏதோ எழுதினார். நான் எழுந்தபோது பட்டியலைப் பார்த்துவிட்டு அவள் பெயரைச் சொல்லிக் கேட்டார்: "இவரும் உங்கள் பாடசாலைதானே, இன்னும் வரவில்லை. நாங்கள் பகல் பன்னிரண்டு மணிவரை இருப்போம். ஒரு போன் கோல் எடுத்துச் சொல்ல முடியுமா?"

பத்து மணிகூட ஆகவில்லை. தோட்டத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அவள் நம்பர் எனக்கு மனப்பாடம்.

"நம்பர் தெரியாது சேர்" என்றேன். தடுமாறாமல், அவர் முகத்தைப் பார்த்து, நல்ல சிங்களத்தில்.

அடுத்த வாரம் அவளுடைய கடிதம் தோட்ட ஆபீசிலிருந்து வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு ஓடிவந்தாள். "பாருடி, புதன்கெழமையே முடிஞ்சு போச்சாம். ஒனக்கும் இப்பத்தான் வந்துச்சா?"

எனக்கு வேலை கிடைத்த கடிதம் அதற்கு முதல்நாளே மாமா கையில் வந்திருந்தது. அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கண் உள்ளே கொடியில் கிடந்த சேலைக்குப் போயிற்று. ஏசுவாள், அழுவாள், இரண்டில் ஒன்று நடந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

அவள் கடிதத்தை நாலாக மடித்தாள்.

"அந்தக் கேள்வி கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நல்லா சொன்னியா?"

அவள் சொல்லிக் கொடுத்ததைத்தான் அப்படியே சொல்லியிருந்தேன். தரையைப் பார்த்தபடி தலையாட்டினேன்.