அளவுச் சட்டையின் மஞ்சள் துண்டு

எழுபதுகளின் கடைசியில், ஆஸ்திரேலியாவில் மெல்பேர்னுக்குப் பக்கத்திலுள்ள டண்டினொங்கில் ஓர் உடுப்புத் தொழிற்சாலையில் தைத்த உடுப்புகளைச் சரிபார்ப்பவளாக இருந்தேன். பிழை பிடிப்பதற்குச் சம்பளம். வீட்டில் நான் அதையே இலவசமாகச் செய்வதாகச் சொல்வார் என் கணவர். அங்கே மெஷினில் தைத்த வியட்நாம்காரி ஒருத்தி எனக்குச் சிநேகிதி. இன்று அவள் பெயர் பெரிய கடைகளின் கண்ணாடிகளில் இருக்கிறது. அன்று அவளிடம் இருந்ததெல்லாம் அட்டைப்பெட்டிகளின் பின்புறத்தில் வரைந்து வைத்த கவுன்கள்தான்.

என் கணவரின் மனேஜருடைய மனைவி நகரத்தில் உடுப்புக்கடை வைத்திருந்தாள். கணவர் வேலை செய்யும் கந்தோரின் கிறிஸ்மஸ் விருந்துக்கு அவளும் வருவாள் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். சிநேகிதி பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு நான் பிளவுஸ் தைத்துத் தருகிறேன். காசு வேண்டாம். அவளுக்குக் காட்டுங்கள். ஒரேயொரு கடை என் உடுப்புகளை எடுத்தால் போதும், நான் இந்த மெஷினை விட்டு எழும்பிவிடுவேன்," என்றாள், எங்கள் இருவருக்கும் பொதுவான அரைகுறை ஆங்கிலத்தில்.

எங்கள் பெண்கள் நின்று அளவு கொடுப்பதில்லை. நன்றாகப் பொருந்தும் பழைய பிளவுஸ் ஒன்றைக் கொடுப்பார்கள். அதுதான் அளவுச் சட்டை. நானும் நீலப் பட்டுத்துணியோடு என் பழைய சிவப்புச் சட்டையைக் கொடுத்தேன். இந்த நாட்டு வெண்ணெயும் ஐஸ்கிறீமும் என்னைப் பெருக்க வைத்ததில், அதன் இரண்டு அக்குளிலும் கையில் அகப்பட்ட மஞ்சள் துணியால் ஒட்டுப் போட்டிருந்தேன். சேலைக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்?

விருந்தன்று பின்னேரம்தான் பொதியைப் பிரித்தேன். நீலப் பட்டு. அளவு அச்சொட்டு. இரண்டு அக்குளிலும் பளீரென்று மஞ்சள்.

போன் போட்டுக் கத்தினேன்.

"சாம்பிளில் இருந்ததே," என்றாள் பெருமையோடு. "அதே மஞ்சளுக்காக நான்கு கடை ஏறினேன்."

சாம்பிளிலிருந்து ஒரு நூல் விலகினாலும் அவளுடைய உடுப்பைத் திருப்பி அனுப்புகிறவளே நான்தான். போனை வைத்துவிட்டு அதையே போட்டுக்கொண்டேன்.

விருந்து முழுவதும் இரண்டு கைகளையும் விலாவோடு ஒட்டி வைத்திருந்தேன்.

"என்னப்பா, கக்கத்துக்குள்ளை தேர்மோமீற்றரோ வைச்சிருக்கிறீர்?" என்றார் கணவர்.

"சும்மா இருங்கோ. மானம் போகுது."

மனேஜரின் மனைவி வந்தாள், சேலையைப் புகழ்ந்தாள், திரும்பி நடந்தாள். அந்த முதுகைப் பார்த்ததும், மெஷினுக்கு முன்னால் கூனிக்கொண்டிருக்கும் இன்னொரு முதுகு நினைவுக்கு வந்தது. போகிற மானம் போகட்டும் என்று வலக்கையை உயர்த்தி, வகுப்பில் விடை தெரிந்த பிள்ளைபோல அவளைக் கூப்பிட்டேன்.

திரும்பி வந்து என் அக்குளை உற்றுப் பார்த்தாள். மற்றக் கையையும் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த யோசனை யாருடையது?"

"என் சிநேகிதியுடையது," என்றேன். நான் சொன்ன பொய்களில் அது நல்ல பொய்.

அடுத்த மாதமே அவளுடைய முதல் கவுன் அந்தக் கடைக் கண்ணாடிக்குள் நின்றது. கொஞ்ச நாளில் மெஷினை விட்டும் எழும்பினாள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. பொறாமையும் வந்தது, மறைப்பானேன். கைக்குக் கீழே ஒரு மஞ்சள் துண்டு, அதுவே அவளுடைய முத்திரையாகிவிட்டது. அவள் பிறந்த ஊரின் மாலை வெயில் அது என்று ஒரு பத்திரிகை எழுதியது. எனக்குப் பொறுக்கவில்லை. உடனே அவளுக்குப் போன் எடுத்தேன்.

"அது மாலை வெயில் இல்லை. என் கொழுப்பு."

"தெரியும்," என்றாள். "அடுத்த வருடத்துக்குப் புது டிசைன் கேட்கிறார்கள். இன்னும் பெருத்திருக்கிறீர்களா?"