வெற்றுத் தாளில் ஒரு ரேகை

அவர் எம்.எல்.ஏ. ஆவதற்கு முன்பிருந்தே அவரை எனக்குத் தெரியும். ஐம்பதுகளில் தொடங்கி பன்னிரண்டு வருஷம் திருச்சி கோர்ட்டில் அவர் வக்கீல், நான் அவருக்குக் குமாஸ்தா. எல்லாம் வயிற்றுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். அது முழு உண்மையல்ல. பெரிய மனிதர் பின்னால் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பதில் எனக்கும் ஒரு கிறுக்கு இருந்தது.

அவர் உப்பிலியபுரம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. சட்டம் படித்து முடித்ததும் ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு வீடு பிடித்தார். திருச்சி டவுனிலேயே மெயின்கார்டு கேட் பக்கம் இதைவிட வசதியான வீடு கிடைத்தது. ஆனால் ஸ்ரீரங்கத்தில் வீடு என்றால் கேட்கிறவன் குரல் தானாக இறங்கும் என்பது அவர் எண்ணம். வாதாடுவதில் சூரர் அல்ல. வழக்கைத் தள்ளிப்போட வாய்தா வாங்குவதில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

எங்கள் ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. வழக்குக் கொண்டுவரும் கிராமத்துக் கட்சிக்காரர்கள் வக்காலத்தில் கையெழுத்துப் போடும்போதே நாலைந்து வெற்றுத் தாள்களிலும் வாங்கி வைத்துக்கொள்வோம். சின்ன மனுவுக்கெல்லாம் அவர்கள் பஸ் ஏறி வரவேண்டாமே என்று. எழுதத் தெரியாதவர்களின் கட்டைவிரலில் மை தடவி, தாளின் அடியில் உருட்டிவிட்டு, பக்கத்தில் 'என் முன்னிலையில்' என்று நான் கையெழுத்துப் போடுவேன். மேலே என்ன எழுதப்படும் என்று ரேகை வைத்தவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதை யாரும் தப்பு என்று சொன்னதில்லை. உபகாரம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

உப்பிலியபுரத்து அம்மா ஒருத்தியும் அப்படித்தான் ரேகை வைத்தாள். புருஷனை இழந்தவள். ஒன்றரை ஏக்கர் நிலமும் கிணற்றில் பாதிப் பங்கும்தான் அவளுடைய சொத்து. மறு பாதி புருஷனுடைய பங்காளிக்கு. அவன் அவளைத் தண்ணீர் இறைக்க விடாமல் மறித்துவிட்டான். கிணறு போனால் அந்த நிலம் ஆடு மேய்க்கத்தான் ஆகும். எங்கள் மூலம் வழக்குப் போட்டு, மூன்று வருஷம் ஒரு வாய்தா தவறாமல் வந்தாள். வக்கீல் வராத நாளிலும் அவள் வந்து கோர்ட்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள்.

"கெணறு கெடச்சிருமுங்களா, குமாஸ்தாய்யா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"கெடைக்காம எங்கம்மா போயிரும்?" என்று நானும் பெரிய ஜட்ஜு மாதிரி சொல்லி அனுப்புவேன்.

தேர்தல் வந்தது. அவர் தம் ஊர்ப் பக்கத்துத் தொகுதியில் நின்று ஜெயித்தார். ஊர் ஓட்டை மொத்தமாக அவர் பக்கம் திருப்பிவிட்டவன் அந்தப் பங்காளி. கறுப்புக் கோட்டு பெரும்பாலும் பெட்டியிலேயே கிடந்தது. கஞ்சி போட்ட வேட்டியும் துண்டும் வந்தன. சட்டசபையில் அவர் வாய் திறந்ததாக நான் பேப்பரில் படித்ததே இல்லை. மெட்ராஸிலிருந்து வந்து இறங்கினால் வாசலில் சிபாரிசுக் கடிதத்துக்குக் கூட்டம் நிற்கும். ஒரே பியூன் வேலைக்கு ஏழு பேருக்குக் கடிதம் கொடுத்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஏழு கடிதத்தையும் டைப் அடித்தவன் நான். ஏழு பேரும் காலில் விழுந்தார்கள். அவர் ஏழு பேரையும் ஆசீர்வதித்தார்.

எதிராளி நம் வக்கீலின் வீட்டுப் படி ஏறக்கூடாது என்பது தொழிலில் எழுதாத சட்டம். ஒருநாள் காலையில் நான் போனபோது அந்தப் பங்காளி கூடத்தில் உட்கார்ந்து அவரோடு இட்லி தின்றுகொண்டிருந்தான். கையைக் கூடக் கழுவாமல் அவர் என்னிடம், "அந்தக் கெணத்துக் கேஸ் கட்டை எடுய்யா. ரேகை வச்ச தாள் ஒண்ணு மிச்சம் இருக்கும்ல?" என்றார்.

இருந்தது. அவர் சொல்லச் சொல்ல, அவள் ரேகைக்கு மேலே நான் எழுதினேன். 'கிணற்றில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை, பெரியோர்கள் சொற்படி ராஜியாகிவிட்டேன், வழக்கை முடித்துக்கொள்கிறேன்.' என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று கோர்ட்டில் பேர். அன்றும் அப்படித்தான் இருந்தது. 'அந்த அம்மாவைக் கேட்டுட்டீங்களா சார்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வாரமே மனு தாக்கலாகி வழக்கு முடிந்தது.

பங்காளி கிணற்றைச் சுற்றி முள்வேலி போட்டபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. யாரையோ பிடித்து மனுவின் நகல் வாங்கிக்கொண்டு நேராக ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "ஐயா, நீங்க மெட்ராஸுல இருந்தப்ப இங்க யாரோ என்னமோ பண்ணிட்டாங்கய்யா" என்று அழுதாள். அவர்மேல் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அவர் நகலை வாங்கிப் படித்தார். புதிதாகப் படிப்பவர் மாதிரியே படித்தார். பிறகு அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "இதை யாருய்யா எழுதுனது?" என்றார்.

"நான்தான் சார்."

"ரேகைக்குச் சாட்சி?"

"நான்தான் சார்."

"நான் ஊர்ல இல்லைன்னா இப்படியா? ஏழை வயித்துல அடிச்சிட்டியேய்யா!"

வக்கீல் என்று அவர் பெயரும் அந்த நகலில் இருந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேராவது அங்கே நின்றார்கள். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. அவர் அதை மடித்துத் தம் ஜிப்பாப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் வாயைத் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை.

"என்ன செய்ய முடியும்னு பாக்குறேம்மா, நீங்க கவலைப்படாம போங்க" என்றார். அவள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு என் பக்கம் வந்து, என் முகத்தில் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

"உள்ள போயி மொகத்தைக் கழுவிட்டு வாய்யா. அடுத்த ஆளைக் கூப்பிடணும்" என்றார் அவர்.

போய்க் கழுவிக்கொண்டு வந்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.