நெட் பிடித்த கை

எனக்குத் தொண்டையிலிருந்து ‘ஹுப்’ என்று ஒரு சத்தம் வரும். கூடவே வலது கை காதுக்கு மேலே எழும்பி இறங்கும். நான் கூப்பிட்டு அது வருவதில்லை, போ என்றால் போவதுமில்லை. பள்ளிக்கூடம் போன காலத்தில் தொடங்கியது. அங்கே நான் அதிக நாள் இருக்கவில்லை. வாத்தியார் கேள்வி கேட்கும்போதெல்லாம் என் கை எழும்பும், பதில் தெரியாது, அடி விழும். எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவுக்கு வந்ததும் போதும் என்று நின்றுகொண்டேன்.

அப்பா என்னை ஒரு ஜெபக்காரரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் என் தலையில் கையை வைத்து, வெளியே போ, வெளியே போ என்று கத்தினார். முற்றத்தில் நின்ற கோழிகள்தான் வெளியே போயின. அவர் போட்ட சத்தத்துக்கு ஜெபம் என்று பெயர், நான் போட்ட சத்தத்துக்குப் பிசாசு என்று பெயர். வெகுகாலம் கழித்து நாகர்கோவிலில் ஒரு டாக்டர் இதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் சொன்னார். அது என் நாக்கில் நிற்கவில்லை. “இதனால உயிருக்கு ஒண்ணும் ஆகாதும்மா” என்றார். அதைக் கேட்க பஸ் ஏறி அங்கே போயிருக்கவேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி வாழ்ந்தவள் நான். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போகவேண்டும். கூட வெட்டுகிற பெண்களுக்கு என் ‘ஹுப்’ ஒரு துணை. நான் எந்த வரிசையில் நிற்கிறேன் என்று தேடவேண்டாம் அல்லவா? பட்டையை மெல்லிசாகச் சீவவேண்டும், கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரத்துக்குக் காயம். சத்தம் அங்கேயும் வரும். ஆனால் கத்தி பிடித்த கை எழும்பாது. சும்மா இருக்கிற கைதான் ஆடும். நான் வெட்டிய மரத்தில் யாரும் காயம் பார்த்ததில்லை.

சும்மா இருக்கும் கையால் வந்த தொல்லை எல்லாம் ரோட்டில்தான். நான் ஓரமாக நின்றால் போதும், பஸ் வந்து நிற்கும்.

“எங்க போணும்?”

“எங்கயும் போகல்ல. நீரு போவும்.”

“பின்ன என்னத்துக்குக் கையக் காட்டினீரு?”

இதற்கு நின்று பதில் சொன்னால் பஸ்ஸுக்கு நேரமாகும் என்பதால் நான் சொல்வதில்லை.

என் தம்பிக்கு ஒரே மகள். எனக்குப் பிள்ளை இல்லை, வீட்டுக்காரரும் போய்விட்டார். தம்பி வீட்டுக்கு அடுத்த வீடுதான் என்னுடையது. அவள் பிறந்த நாளிலிருந்து நான் எதிர்பார்த்திருந்தது ஒரே ஒரு காரியம். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவக் கல்யாணத்தில் பெண்ணின் தலையில் வெள்ளை வலை போடுவார்கள், நெட் என்போம். மாப்பிள்ளை மின்னு கட்டும்போது, அதுதான் எங்கள் தாலி, பெண்ணின் பின்னால் நின்று அந்த நெட்டைத் தூக்கிப் பிடிக்கவேண்டும். எங்கள் குடும்பத்தில் அது மாமியின் உரிமை. அப்பாவின் கூடப்பிறந்தவளை நாங்கள் மாமி என்போம். அந்த மாமி நான். வேறு மாமி கிடையாது.

போன வருடம் அவளுக்கு மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை ஒத்துவந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை சபையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை அறிந்தவர்கள் இருந்தால் தெரிவிக்கவேண்டும் என்று. முன்பிருந்த போதகர் என்னோடு பழகியவர். ‘தெரிவிக்கவேண்டும்’ என்ற இடத்தில் மூச்சுவிடாமல் அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். புதிதாக வந்தவர் சின்ன வயது, நிறுத்தி நிதானமாக வாசிப்பவர். தடை என்று சொல்லிவிட்டுத் தலையைத் தூக்கிச் சபையைப் பார்த்தார். கோவிலே அமைதியாகிவிட்டது.

என்னுடையதற்கு அமைதி என்றால் அவ்வளவு பிரியம்.

ஹுப் என்றது. கை எழும்பியது.

“சொல்லுங்கம்மா” என்றார் போதகர்.

“ஒண்ணுமில்ல அய்யா. நீரு வாசியும்” என்றேன். சொல்லும்போதே கை இன்னொரு முறை எழும்பியது.

“பயப்படாம சொல்லுங்க. இதுக்குத்தானே கேக்குறது.”

முன்வரிசையில் தம்பி வேதப்புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். எங்கள் சபையாருக்கு என்னைத் தெரியும். சிரிப்பை அடக்க ஆளாளுக்கு இருமினார்கள். கோவில் வேலைகளைக் கவனிக்கிற கோயில்குட்டியார் எழுந்து போய்ப் போதகரின் காதில் சொன்ன பிறகுதான் மீதி ஓலை வாசிக்கப்பட்டது.

அதோடு போயிருக்கும். ஆனால் கடைசி பெஞ்சில் மாப்பிள்ளையின் தாய்மாமன் இருந்திருக்கிறார். பெண் வீட்டாருக்குச் சபையில் என்ன மதிப்பு என்று பார்க்க யாருக்கும் சொல்லாமல் வந்தவர். பார்த்துவிட்டார். நாங்கள் வீட்டுக்கு வந்து சோற்றில் கைவைப்பதற்குள் தம்பிக்கு போன் வந்துவிட்டது. பெண்ணின் சொந்த மாமியே சபை நடுவே கையைத் தூக்கித் தடை சொன்னாளாமே, என்ன விஷயம்?

மறுநாள் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் காரில் வந்து இறங்கினார்கள். தம்பி என்னை அடுக்களையில் இருக்கச் சொன்னான்.

“அக்கா, நீ வெளிய வராண்டாம். இருமல்னு சொல்லிக்கிடுகேன்.”

“எனக்கு என்னத்துக்குலே இருமல்?”

“ஏதாவது ஒண்ணு சொல்லணும்லா.”

அவன் தாம்பாளத்தில் சாயா எடுத்துவைத்திருந்தான். நான் அதைத் தூக்கிக்கொண்டு நேரே முன்னறைக்குப் போனேன். “சத்தம் போட்டது நான்தான். இருமல் ஒண்ணும் இல்ல” என்றேன்.

இரண்டு பேரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். தாம்பாளம் கையில் இருந்ததால் கை ஆடவில்லை. சத்தமும் அந்த நேரம் பார்த்து வரவில்லை. இவளுக்கு ஒரு கேடும் இல்லை, வேண்டுமென்றேதான் செய்திருக்கிறாள் என்று மாப்பிள்ளையின் அம்மா முகத்தில் எழுதியிருந்தது. நான் தாம்பாளத்தை வைத்தேன். கை எழும்பியது. அந்த அம்மா நான் கையைத் தூக்கி ஸ்தோத்திரம் சொல்கிறேன் என்று நினைத்து, சாயாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையைத் தானும் தூக்கினார். ஹுப் என்றேன். சாயாவில் பாதி சேலையில் போயிற்று.

மாப்பிள்ளையின் அப்பா கேட்கவேண்டியதைக் கேட்டார். “இது பிள்ளைக்கும் வருமா?”

தம்பி வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன். “எனக்குத் தெரியாது. இதுவரைக்கும் வரல்ல. வந்தா உங்களுக்கு பஸ்ஸ நிறுத்த ஆள் வேண்டாம்.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவருக்கு ஒரு பெரியம்மா இருந்தாளாம், பேச்சுக்குப் பேச்சு கண்ணைச் சிமிட்டுவாளாம், அதனால் சந்தையில் நடந்த சண்டைகளை எல்லாம் சொல்லிமுடித்து, இன்னொரு சாயாவும் குடித்துவிட்டுத்தான் எழும்பினார்.

கல்யாணம் நின்றுபோகாமல் தப்பிவிட்டது. தப்பாதது என் காரியம். கார் அந்தப்பக்கம் திரும்பியதும் தம்பி என் பக்கம் திரும்பினான்.

“அக்கா, நான் சொல்லுகத நீ மனசுல வெக்கப்பிடாது. நெட் பிடிக்கதுக்கு இவளுக்க அக்காள நிறுத்தலாமா?”

இவள் என்றது அவன் பெண்டாட்டியை. அவளுடைய அக்காள் ஒரு டீச்சர், கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில் கெட்டிக்காரி.

“ஏன், எனக்கு கை இல்லியா?”

“அதில்ல. மின்னு கட்டுக நேரம் உனக்க கை எழும்பிச்சுன்னா, நெட்டு, பூவு, பிள்ளைக்க தலைமுடி எல்லாம் கூட எழும்பும்லா. வீடியோ வேற எடுப்பாவ.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும் பழக்கம் இல்லை. உள்ளே போய் அவனுடைய சவரக்கத்தியையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு வந்தேன். அவன் இன்றைக்கும் அப்பா வைத்திருந்த மடக்குக் கத்தியில் பிளேடு செருகித்தான் சவரம் செய்வான்.

“உக்காரு.”

“என்னத்துக்கு?”

“உக்காருலே.”

“அக்கா, நான் நம்புகேன். நீயே நெட்டப் பிடி.”

“நீ நம்பாண்டாம். உக்காரு.”

அவன் உட்கார்ந்தான். அவன் மகள் வாசலில் நின்று போனில் படம் எடுத்தாள். கன்னத்தில் சோப்பைக் குழைத்துப் போட்டுக் காதோரத்திலிருந்து இறக்கினேன். ரப்பர் பட்டையைவிட மனிதத் தோல் மிருது, ஆனால் மரம் இவ்வளவு நடுங்காது. பாதிக் கன்னம் வந்தபோது அவன் காதுக்குள்ளேயே ஹுப் என்று வந்தது. தம்பி போட்ட கூச்சலில் ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். என் கை இருந்த இடத்திலேயே இருந்தது. தாடைவரை சுத்தமாக இறக்கித் துடைத்துவிட்டேன், ஒரு கீறல் இல்லை.

“மத்தக் கன்னத்த நீயே எடுத்துக்கோ” என்று கத்தியை அவனிடம் கொடுத்தேன்.

எடுத்தான். இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டான். நெட் விஷயம் அதற்குப் பிறகு வீட்டில் பேசப்படவில்லை.

மீதி இரண்டு ஞாயிறும் போதகர் அந்தத் தடை வரியை ஓட்டமாக ஓடிக் கடந்தார். கல்யாணத்தன்று கோவில் நிறைந்திருந்தது. மார்த்தாண்டத்துக்காரர்கள் ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். எல்லாருக்கும் என் சங்கதி போய்ச் சேர்ந்திருந்தது என்பது அவர்கள் கழுத்தை எக்கியதிலேயே தெரிந்தது. அன்றைக்கும் அதே கேள்வி உண்டு. போதகர் அதைக் கேட்டுவிட்டு, மரியாதைக்காக எனக்கு இடம் விட்டுக் காத்திருந்தார். கோவிலே காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. எதிர்பார்த்தால் அது வராது.

“ஆச்சாம்மா?” என்று மெல்லக் கேட்டார். மைக் போட்டிருந்ததை மறந்துவிட்டார்.

“இன்னும் ஆவல்ல. நீரு போவும்” என்றேன். அதுவும் மைக்கில் போயிற்று. பாட்டுக்குழுவில் ஒருத்தி சிரித்த சிரிப்பில் பாட்டுப்புத்தகம் கீழே விழுந்தது.

பிறகு மின்னு. நான் பின்னால் போய் நின்று நெட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். கை மரத்தடியில் நின்றதுபோல நின்றது. ஆடியது மாப்பிள்ளையின் கைதான். அவருக்கு வேர்த்து ஒழுகியது. மின்னு கோர்த்த சரடை முடிந்தார், வழுகியது. இன்னொரு முறை முடிந்தார், அதுவும் வழுகியது. பாட்டு முடிந்துவிட்டது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கோவிலில் ஒரு சத்தம் இல்லை.

எனக்கு அந்த அமைதியைத் தெரியும். வருகிறது என்று தெரிந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லை, நெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஹுப்.

மாப்பிள்ளை அப்படியே துள்ளினார். துள்ளிய வேகத்தில் சரட்டின் இரண்டு நுனியையும் பலமாக இழுத்துவிட்டார். முடிச்சு விழுந்துவிட்டது. பெண்ணின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று மார்த்தாண்டத்துப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பது பின்னால் நின்ற எனக்குத் தெரியும். நெட் ஒரு விரல்கடை அசையவில்லை. வீடியோவில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சரடைக் கழற்றி மின்னைச் சங்கிலியில் கோர்ப்பதற்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்தார்கள். முடிச்சு அவிழவில்லை. தம்பி பெண்டாட்டி நகத்தால் பார்த்தாள், டீச்சர் ஊசியால் பார்த்தாள். வெட்டத்தான் வேண்டும் என்றார்கள். சரடு கழுத்தோடு ஒட்டிக் கிடந்ததால் யாருக்கும் கை வரவில்லை. மாப்பிள்ளை அலமாரியிலிருந்து பிளேடை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“மாமி, நீங்களே அறுத்துத் தாருங்க. இறுக்கினது நீங்கதானே.”

“இறுக்கினது உமக்க கை.”

“சத்தம் உங்களுக்கதாக்கும்.”

பிளேடை வாங்கி, மருமகளைத் திரும்பி உட்காரச் சொன்னேன். அவள் தலைமுடியை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டிக்கொண்டு அசையாமல் இருந்தாள். தம்பி தன் கன்னத்தைத் தடவிக்கொண்டே முற்றத்துக்குப் போய்விட்டான்.