ஹைன்ரிஷுக்குப் பக்கத்தில் ஈரம்

போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு கல்லறைத் தோட்டத்தில் கழிந்தது. பதறாதீர்கள்... நான் நலம்!

காரணம், நண்பர் ஆறுமுகம். திருநெல்வேலிக்காரர். இங்கே ஜெர்மனியில், ஹனோவர் யுனிவர்சிட்டியில் மண் ஆராய்ச்சி செய்கிறார். இதை எப்படியோ கேள்விப்பட்ட ஒரு சதுப்பு நிலத்துக் கிராமத்துப் பாதிரியார், "வந்து எங்கள் மண்ணைப் பாருங்கள்" என்று கூப்பிட்டுவிட்டார். துணைக்கு நான்.

"சுடுகாட்டுக்குப் போனா குளிக்கணுமே சார்! நான் வாடகைக்கு இருக்கற வீட்டு ஓனரம்மா சனிக்கிழமை மட்டும்தானே வெந்நீர் தர்றா?" ரயிலில் வழியெல்லாம் இதே புலம்பல்.

ஊரின் பூர்வகதை சுவாரஸ்யம். ஆளில்லாத சதுப்பில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துக் குடியேறினவர்கள், முதலில் குடிசை போட்டார்கள். பிறகு செங்கல்லில் கம்பீரமாக ஒரு சர்ச். கட்டக் கட்ட அது சேற்றுக்குள் இறங்கிக்கொண்டே போனதாம்! கடைசியில், ஊரில் இருந்த ஒரே மணல்மேட்டில் மரத்தாலேயே சின்னதாக ஒன்றைக் கட்டினார்கள். அது இன்னும் நிற்கிறது.

சர்ச் இறங்கியது, சவப்பெட்டியோ ஏறியது! சேற்றில் புதைத்தால் மழைக்காலத்தில் மேலே வந்துவிடுமாம். ஆகவே இறந்தவர்களுக்கும் அதே மேடுதான். உலகப் போருக்குப் பிறகு கிழக்கிலிருந்து வந்து குடியேறியவர்களும் சேர, மேடு கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. மிச்ச இடத்தில் எங்கே மணல், எங்கே சேறு? துளைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியது ஆறுமுகம்.

வேலையை ஆரம்பித்ததும் பின்னால் ஒரு குரல்: "நல்லா ஆழமாப் போடுங்க தம்பி!"

கைத்தடியோடு மெட்டா அம்மாள். எண்பது வயதிருக்கும். முதலில் குடியேறியவர்களின் வம்சம். (அவருடைய பட்டிக்காட்டு ஜெர்மனை என் தமிழில் தருகிறேன்.) கணவர் ஹைன்ரிஷ், மேட்டின் கீழ்மூலையில் அடங்கியிருக்கிறார். பக்கத்தில் அம்மாளுக்கு இடம் தயார். கல்லில் பெயர்கூட வெட்டியாயிற்று — இறந்த தேதி மட்டும்தான் பாக்கி!

"எனக்கு அது வேண்டாம். அந்த மனுஷன் கட்டின வீட்டுல காலம் பூரா என் காலு ஈரம். செத்த பிறகாவது காய்ஞ்ச இடத்துல படுக்கறேன்."

பாதிரியார் நெளிந்தார். "புருஷனும் பெண்டாட்டியும் பிரியலாமாம்மா? கல்யாணத்துல சத்தியம் பண்ணினீங்களே!"

"'மரணம் பிரிக்கும் வரை'ன்னுதானே சொல்லச் சொன்னீங்க? பிரிச்சாச்சு!"

நான் சட்டென்று சர்ச் கூரையை ரசிக்க ஆரம்பித்துவிட்டேன். வேறென்ன செய்ய?

ஆறுமுகம் மட்டும் சிரிக்காமல், ஹைன்ரிஷுக்குப் பக்கத்தில் துளைத்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தது கறுப்புச் சேறு. அம்மாள் அதில் ஒரு விரலைத் தோய்த்து, பாதிரியாரின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

கேஸ் முடிந்தது!

மேட்டில் இரண்டே இடங்களில் நல்ல உலர்ந்த மணல் கிடைத்தது. ஒன்று, சர்ச் வாசலில், லிண்டன் மரத்தடி. ஊரின் பெரிய மனிதர்கள் கண்வைக்கிற இடம். தோற்றுப்போன பாதிரியார் தாராளமாக அதையே கொடுத்தார். இன்னொன்று, சரிவின் மேலே, காற்று பிய்த்துக்கொண்டு போகிற மொட்டை மேடு.

அம்மாள் மரத்தடியில் போய் நின்றார். இலைகளைப் பார்த்தார். திரும்பிக் கீழ்மூலையைப் பார்த்தார்... ரொம்ப நேரம். பிறகு தடியை ஊன்றி ஊன்றி நடந்து, அந்த மொட்டை மேட்டில் போய் நின்றுகொண்டார். ஹைன்ரிஷுக்கு நேர் மேலே!

"இது போதும்."

"ஏம்மா? மரத்தடி அருமையான இடமாச்சே!" என்றார் பாதிரியார்.

"அது தூரம். அவருக்குக் காது மந்தம். அங்கேருந்து கூப்பிட்டா கேக்காது."

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாங்கள் இருவரும் துளைத்த குழிகளை மூடுவதில் மும்முரமானோம்.

திரும்புகிற ரயிலில் ஆறுமுகம் கேட்டார்: "அந்தம்மாவுக்கு அவர்மேல கோபமா சார், பிரியமா?"

கல்யாணம் ஆகட்டும் ஆறுமுகம். அப்புறம் இந்தக் கேள்வியே வராது!