மூன்றாவது ஜனாதிபதியும் எங்கள் வீட்டு மஞ்சள் பையும்

எங்கள் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்க ரோஜாப்பூவைத் தாண்டி எதுவும் நடப்பதில்லை. போன வாரம் ஒருவன், அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதியின் சிலையை அங்கே ஒரு சபையிலிருந்து தூக்கிவிட்டார்களே, அது சரியா என்று கேட்டுவைத்தான். இன்னொருவன் உடனே தீர்ப்பு எழுதிவிட்டான்: "அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்டா இருந்தாங்க. அவரை மட்டும் குத்தம் சொல்லி என்ன பண்றது?"

ஷார்ஜாவில் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். விளக்குப் பச்சையானதும் தெரியவில்லை, பின்னால் ஹாரன் அடித்ததும் கேட்கவில்லை. நாற்பத்தேழு வயசு, பிரஷர் மாத்திரை, வழுக்கை எல்லாம் சேர்ந்தும் என் கோபத்தை அடக்க முடியவில்லை. அந்த மனிதர் என் வாழ்க்கையில் ஏற்கெனவே ஒருமுறை குறுக்கே வந்தவர்.

அப்போது குவைத்தில் அப்பாசியாவில் இருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா ஒரு கட்டடக் கம்பெனியில் நிர்வாக அதிகாரி. கோட்டும் டையும் உண்டு. ஆனால் வேலையின் சாரம், சைட்டில் வேலை பார்க்கிறவர்களின் பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொள்வது. அந்த மாதம் ஆபீஸ் இடம் மாறிக்கொண்டிருந்ததால் அத்தனை பாஸ்போர்ட்டும் ஒரு மஞ்சள் பையில் எங்கள் வீட்டு பீரோவுக்கு வந்து சேர்ந்தன. மேல் தட்டில் அம்மாவின் பட்டுப்புடவை. அதன் மடிப்புக்குள் எங்கள் மூவரின் பாஸ்போர்ட். கம்பெனியில் தன் பாஸ்போர்ட்டைத் தானே வைத்துக்கொள்ளும் இந்தியர் அப்பா ஒருவர்தான். "முதீருக்கு உங்கப்பா மேல அவ்வளவு நம்பிக்கை" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லாத நாளில்லை. முதீர் என்றால் மேனேஜர். அங்கே கடவுளுக்கு ஒரு படி கீழே.

பள்ளியில் ஆங்கிலப் பேச்சுப் போட்டி வந்தது. உலகத் தலைவர்கள் என்பது தலைப்பு. "காந்தி, நேருன்னு நாப்பது பேர் பேசுவான். நீ அமெரிக்காவோட மூணாவது ஜனாதிபதியைப் பிடிடா" என்றார் அப்பா. மனிதரெல்லாம் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று சுதந்திரப் பிரகடனத்தில் எழுதியவர் அல்லவா! அப்பா அந்த வரியை ஷேவ் செய்யும்போதுகூடச் சொல்வார். குரல் தழுதழுக்கும், கன்னத்தில் வெட்டிக்கொள்வார்.

எனக்குத்தான் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. நூலகத்தில் என்சைக்ளோபீடியாவைப் புரட்டினேன். சமம் என்று எழுதிய கை நூற்றுக்கணக்கில் அடிமைகளை வைத்திருந்த கை. அடிமை முறை தப்பு என்று சொன்னவரும் அவரே, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர யாரையும் விடாமலே செத்துப்போனவரும் அவரே. ஏதோ என் சைக்கிளைத் திருடிவிட்டது போல எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு முழுப் பத்தி எழுதினேன். அப்பா சிவப்புப் பேனாவால் அதைக் குறுக்கே அடித்தார்.

"அந்தக் காலத்து வழக்கம்டா அது. எழுதினதைப் பாரு, வெச்சிருந்ததைப் பாக்காத."

அந்த வெள்ளிக்கிழமை பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கொத்தனார் அண்ணன் ஒருவர் வந்தார். லீவில் ஊருக்குப் போகவேண்டிய தேதி தாண்டி ஒரு வருஷம் ஆகிவிட்டது, சைட்டு முடியவில்லை என்று கம்பெனி அனுப்பவில்லை. வீட்டுக்குள் வரச் சொல்லியும் செருப்பருகிலேயே நின்றார்.

"மகளுக்குக் காதுகுத்து வெச்சிருக்காங்க சார். தாய்மாமன் மடிதான் இருக்கே, அப்பன் எதுக்குன்னு சிரிக்கிறாளுவ. நான் இன்னும் அந்தப் புள்ளை மூஞ்சியப் பாக்கல சார். என் பாஸ்போட்ட மட்டும் குடுத்துருங்க, டிக்கெட் நான் பாத்துக்குறேன்."

"முதீர் கையெழுத்து இல்லாம முடியாதுப்பா. சைட்டு முடியட்டும்" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு. அண்ணன் போனதும் நான் கேட்டேன்: "அது அவரோட பாஸ்போர்ட்தானேப்பா?"

"இங்க வழக்கம் அதுடா."

வழக்கம்! ஒரே வாரத்தில் அந்தச் சொல் இரண்டு முறை என் கண்ணெதிரே வந்து நின்றது.

போட்டிக்கு அப்பாவின் கம்பெனிதான் பரிசு உபயம். நடுநாயகமாக முதீர், இரண்டாவது வரிசையில் அப்பா, அம்மா. என் எலாஸ்டிக் டை கழுத்தை நெரித்தது. மேடையேறி, சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று முழங்கினேன். அத்தோடு மூளை கடையைச் சாத்திவிட்டது. அடுத்த வரி வரவில்லை. ஒன்றுக்கு வந்தது. உலகத்தின் கடைசி நாள் இதுதான் என்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா உதட்டை அசைத்துக் கந்தசஷ்டி சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பீதியில் எனக்கு மனப்பாடமாக இருந்தது ஒன்றே ஒன்று, சிவப்பில் அடிபட்ட அந்தப் பத்தி. அதைக் கொட்டித் தீர்த்தேன். அதுவும் தீர்ந்தபோது, நேரம் முடிந்ததற்கான மணி இன்னும் அடிக்கவில்லை. வாய் மட்டும் தானாக ஓடிக்கொண்டிருந்தது: "எங்கள் வீட்டு பீரோவிலும் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. அதில் ஒரு கொத்தனாரின் பாஸ்போர்ட் இருக்கிறது. அவர் தன் மகளை இன்னும் பார்க்கவில்லை. அதுவும் வழக்கம்தானாம்."

அப்பா குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் அன்று போட்டிருந்தது லேஸ் இல்லாத ஷூ.

முதீர் எழுந்தார். சிரித்தபடி மேடைக்கு வந்து என் தலையைத் தடவினார். யார் அந்தக் கொத்தனார் என்று மைக்கில் கேட்டார். அப்பா எழுந்து பெயரைச் சொன்னார். "நாளைக்கே அவன் ஊருக்குப் போகலாம். கலாஸ், முடிஞ்சது!" என்றார் முதீர். அரங்கமே எழுந்து கைதட்டியது. "என்ன பெரிய மனசு பாருங்க" என்று முன்வரிசை மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஒருவனுடைய பொருளை அவனிடமே திருப்பிக் கொடுப்பதில் என்னய்யா பெரிய மனசு? மீதிப் பை நிறைய இருந்தவர்களுக்கு யார் கை தட்டினார்கள்? ஒருவனை விட்டுவிட்டு மற்றவர்களை வைத்துக்கொள்கிறவனுக்குத்தான் சிலை வைக்கிறோம். பிறகு யாராவது சிலையைத் தொட்டால் அந்தக் காலம் அப்படி என்கிறோம். இந்தக் காலத்தில் அடுத்தவன் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆனாலும் தன் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறதென்று கேட்டால் மென்று விழுங்குகிறவர்கள் எத்தனை பேர் இந்த ஊர்களில்! என் பாஸ்போர்ட் என்னிடம்தான் இருக்கிறது. இருந்தும் சட்டை எடுக்க பீரோவைத் திறந்தால் என் கை முதலில் அதைத் தொட்டுப் பார்க்கும். மனைவிக்கு இது ஒரு வேடிக்கை.

ஆனால் அன்று நானும் கைதட்டினேன். காரில் அப்பா திட்டுவார், அடிப்பார் என்று காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ரேடியோவைக்கூடப் போடவில்லை.

மறுநாள் காலை கொத்தனார் அண்ணன் வந்து, பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "தம்பி வக்கீலுக்குப் படிக்கணும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஓர் அடி உயரம் கூடியது. அவர் படியிறங்கும்போதே போன் அடித்தது. அப்பா 'யெஸ் சார், யெஸ் சார்' என்று கேட்டுவிட்டு பீரோவைத் திறந்தார். மஞ்சள் பையை எடுத்தார். பிறகு பட்டுப்புடவை மடிப்பில் கைவிட்டு எங்கள் மூன்றையும் எடுத்துப் பையில் மேலாக வைத்தார்.

"நம்மளோடதுமாங்க?" என்றாள் அம்மா.

"இனிமே எல்லாமே முதீர் லாக்கர்லதான் இருக்கணுமாம்."

லாக்கர் என்பது என் காதில் விழுந்தது. ஆனால் 'எல்லாமே' என்பதுதான் மனசில் நின்றது. ஒருவருக்கு நடந்தது இனி எல்லாருக்கும் நடக்கப்போகிறது! பை போகிறது, பீரோ காலி, ஜெயித்துவிட்டேன். பால்கனிக்கு ஓடிப்போய், கீழே நடந்துபோன அப்பாவைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினேன்.

அப்பா அண்ணாந்து பார்த்தார். திருப்பிக் கையசைக்கவில்லை. பை கனமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.