ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டியவள்

இன்று பின்னேரம் கற்பிட்டியிலிருந்து வந்த பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் இளம் தம்பதி. கையில் இருந்த போனில், நானும் முதல் எபிசோட் பார்த்திருந்த ஒரு பேய் விசாரணைத் தொடரின் இரண்டாவது எபிசோட். நான் எட்டிப் பார்த்தது என் பிழை இல்லை, சத்தம் அவ்வளவு.

பேயை நம்புகிற விசாரணைக்காரன், பாழடைந்த வீட்டின் கதவை உதைத்துத் திறக்கப் போகிறான். பேயே இல்லை என்று முதல் எபிசோட் முழுக்க அவனோடு சண்டை பிடித்தவள், அவனை விலக்கிவிட்டுக் கதவை மெதுவாகத் தட்டுகிறாள்.

மனைவி படத்தை நிறுத்தினாள்.

"நம்பாதவ என்னத்துக்குத் தட்டுறா?"

"மரியாதைக்கு" என்றான் கணவன்.

"உள்ளுக்குத்தான் ஒருத்தருமில்லையே. ஆருக்கு மரியாதை?"

அவன் விடவில்லை. "நீயும்தான் வெறும் வீட்டுக்குள்ள போகக்குள்ள ஸலாம் சொல்ற. அது ஆருக்கு?"

"அது வேற கதை!"

"எப்பிடி வேற?"

தில்லையடியில் நான் இறங்கும்வரை அந்த எபிசோட் மறுபடி ஓடவே இல்லை.

நான் நம்பாதவளின் கட்சி. யாராவது ஜின், பேய் என்று கதை எடுத்தால் முதலில் சிரிப்பவள் நான்தான்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். உள்ளே யாருமில்லை. எப்போதும் போல வாய் தானாக "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றது.

ஆனால் பதில் வருகிறதா என்று காது கொடுத்து நின்றது இன்றுதான்.

குசினியில் பிரிட்ஜ் ஒருமுறை உறுமியது. அதைப் பதிலாக எடுக்கலாமா? தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கள். நான் இன்னும் வாசலில்தான் நிற்கிறேன்.