கோடு தாண்டாத பிள்ளை

பாலர் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை ஒவ்வொருவராக எழுப்பி, பிள்ளை வளர்ப்பில் தங்களுக்குக் கைகொடுத்த யோசனை ஒன்றைச் சொல்லச் சொன்னார். கைப்பேசியைப் பிடுங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பே எச்சரிக்கை கொடுத்துவிட வேண்டும் என்றார் ஓர் அம்மா. இன்னொருவர் ஐஸ்பெட்டிக் கதவில் நட்சத்திரம் ஒட்டுகிறாராம். பல் துலக்கினால் ஒன்று, காய்கறி தின்றால் இரண்டு. மூன்றாமவர், பிள்ளையைத் திட்டவே கூடாது, அதன் கண்ணுக்கு நேராகக் குனிந்து பொறுமையாகப் பேச வேண்டும் என்றார். எல்லாம் நல்ல யோசனைகள்தான். காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலை வேன் கீழே நின்று ஹார்ன் அடிக்கும்போது யாருக்குக் குனிய நேரம் இருக்கிறது?

என் முறை வந்தது. "நான் வீட்டுல கோடு போட்டு வச்சிருக்கேன்" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

விஷயம் இதுதான். நானும் என் ஆறு வயது மகளும் புந்தோங்கில் ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் வேலை. மாதம் ஒருமுறை வந்து, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் திரிந்துவிட்டுப் போய்விடுவார். நான் கையுறைத் தொழிற்சாலையில் இருக்கிறேன். வேன் ஆறு மணிக்கு வரும். மகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடும் இரண்டாம் மாடி அக்கா ஆறரைக்குத்தான் மேலே வருவார். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்கு எல்லாம் செய்து முடித்துவிட்டுத்தான் அவரால் வர முடியும். நடுவில் அந்த அரை மணி நேரம் அவள் தனியாக இருந்தாள். ஆறு வயதுப் பிள்ளையை அப்படி விடலாமா என்றால், கூடாது. அது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் விட்டேன்.

ஒருநாள் அவள் கதவைத் திறந்துகொண்டு என்னைத் தேடிப் படியிறங்கிவிட்டாள். தூங்கி எழுந்த கோலத்தில் கார் நிறுத்துமிடத்தில் நின்றவளைக் காய்கறி லாரிக்காரர் தூக்கிவந்து அக்காவிடம் ஒப்படைத்தார். வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. உள்ளே தீ கீ பிடித்தால் பிள்ளை எப்படி வெளியே வரும்? அப்போதுதான் என் அம்மாவின் கோடு நினைவுக்கு வந்தது.

நான் பிறந்தது செமோருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே முழுக்கச் செம்பனை. அப்பா, அம்மா இரண்டு பேருமே பாலெடுக்க மரம் வெட்டினார்கள். ஐந்தரைக்கெல்லாம் பெரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுக்க வேண்டும். பிள்ளைகளை விட்டுச்செல்ல முன்பு ஓர் ஆயாக் கொட்டகை இருந்தது. ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்று அதையும் மூடிவிட்டார்கள். அதனால் அம்மா புறப்படும்போது, வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பை விரலில் எடுத்து, வாசல் நிலைக்கு உள்ளே தரையில் குறுக்காக ஒரு கோடு இழுப்பார். கோட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் முனி. தோட்டத்து எல்லையில் அரிவாளோடு நிற்கிற அதே முனிதான். விடியும் நேரத்தில் வெள்ளைக் குதிரையில் மரங்களுக்கு நடுவே சுற்றி வருவார், கோட்டைத் தாண்டிய பிள்ளையைக் கண்டால் அள்ளிக்கொண்டு போய்விடுவார் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

எங்கள் லயத்து வரிசை வீடுகள் பலவற்றில் இந்தக் கோடு உண்டு. பக்கத்து வீட்டில் மட்டும் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளை என்னைவிட ஒரு வயது சின்னவள். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, ஒரு மழைக்காலக் காலையில், லயத்துக்கு எதிரே ஓடும் கால்வாயில் விழுந்து செத்துப்போனாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கோடு இருந்தது. முப்பது வருடத்துக்கு மேலாக எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகவே சாக்பீஸ் வாங்கிவந்து, கதவுக்கு ஓர் அடி உள்ளே கோடு போட்டு, மகளுக்கு முனியை அறிமுகப்படுத்தினேன். இந்தக் காலத்துப் பிள்ளை அல்லவா, உடனே நம்பிவிடவில்லை.

"லிஃப்ட்லயா வருவாரு?"

"லிஃப்ட்தான் ரொசாக் ஆயி ஓடாம கெடக்குதேலா. படியேறித்தான் வருவாரு."

"குதிரை படியேறுமா?"

"முனியோட குதிரை ஏறும்."

அதற்கப்புறம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கோட்டைத் தாண்டவும் இல்லை. யாராவது செருப்புச் சத்தத்தோடு படியேறினால் மட்டும், சாப்பிட்டுக்கொண்டிருப்பவள் வாயில் உள்ளதை மெல்லாமல் அப்படியே நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பாள். சத்தம் எங்கள் மாடியைக் கடந்த பிறகு மறுபடி மெல்லுவாள். நான் கவனிக்காதது மாதிரி இருந்துவிட்டேன். காரியம் நடக்கிறதே, அது போதாதா?

கூட்டத்தில் இதை நான் சொன்னதும் நல்ல சிரிப்பு. ஆசிரியை மட்டும் முழுசாகச் சிரிக்கவில்லை. அன்று மாலையே பெற்றோரின் கைப்பேசிப் புலனக் குழுவில் ஆளாளுக்கு என்னை விசாரித்தார்கள். எவ்வளவு தூரத்தில் போட வேண்டும், சாக்பீஸ் போதுமா, பெயிண்ட் வேண்டுமா என்றெல்லாம் கேள்விகள். நானும் பெரிய நிபுணர் மாதிரி பதில் எழுதினேன். இரட்டைப் பிள்ளைகளின் அம்மா ஒருவர் படம் எடுத்து அனுப்பினார். இரண்டு பிள்ளைகளும் கோட்டுக்குக் கால்விரலை ஒட்டிவைத்து வரிசையாக நின்றார்கள். "வேலை செய்யுதுலா அக்கா!" என்று கீழே எழுதியிருந்தார்.

அடுத்த மாதம் ஒரு காலை, சாயங்காலச் சாம்பாருக்கென்று பருப்பை அடுப்பில் ஏற்றியிருந்தேன். வேன் ஹார்ன் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். வேலை இடத்தில் கைப்பேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். பத்து மணி ஓய்வில் எடுத்துப் பார்த்தபோது அக்காவிடமிருந்து ஒன்பது அழைப்புகள். கூப்பிட்டேன். "ஒண்ணும் இல்ல, பயப்படாத, புள்ள நல்லாருக்கு, இங்கதான் எங்கூட இருக்கு" என்றார். மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்தேன். சுவர் முழுக்கப் புகை நாற்றம். பருப்புச் சட்டி கரிக்கட்டியாகக் கிடந்தது. மகள் அக்கா வீட்டுச் சோபாவில் பள்ளிப் பையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

நடந்ததை அக்கா சொன்னார்.

"கதவத் தொறந்தா ஒரே பொக. ஒம்மவ கோட்டுகிட்டயே நிக்கிறா. ஸ்கூல் பேக்க மாட்டிக்கிட்டு, துண்டால மூக்கப் பொத்திக்கிட்டு. வெளிய வாம்மா, வாம்மாங்கிறேன், வரமாட்டேங்குது. முனி படியில நிக்கிறாருங்குது. அலாக்காத் தூக்கிட்டு வந்தேன். தாண்டுறப்ப என் தோளக் கடிச்சு வச்சிருச்சு, இந்தா பாரு."

தோளில் பல் பதிந்து சிவந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே அக்கா சிரித்தார். என்னை ஆறுதல்படுத்தத்தான் அடுத்ததைச் சொன்னார். "ஆனாலும் நல்ல புள்ளலா. அம்மா பேச்ச மீறல பாரு. இந்தக் காலத்துல எந்தப் புள்ள இப்படிக் கேக்குது?"

கதவு தாழ்ப்பாள் போடாமல்தான் இருந்தது. தள்ளினால் திறந்திருக்கும். பிள்ளை வெளியே வர வேண்டும் என்றுதான் நான் பூட்டே போடாமல் போனேன். மகளைச் சோபாவிலிருந்து தூக்கி மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன். அக்கா புகைக்குத்தான் நான் பயந்துபோனேன் என்று நினைத்து, மைலோ கலக்கிக்கொண்டு வந்தார். எனக்கோ அவர் சொன்ன வார்த்தைதான் காதை விட்டுப் போகவில்லை. நல்ல பிள்ளை என்ற அந்தப் பாராட்டு ஒருகாலத்தில் எனக்கும் கிடைத்திருக்கிறது.

அந்தக் கால்வாய்க் கதையில் ஒன்றை விட்டுவிட்டேன். அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, வாக்கா" என்று கூப்பிட்டாள். கால்வாய் எங்கள் வாசலிலிருந்து இருபது எட்டுகூட இருக்காது. விடிந்துவிட்டிருந்தது. கரைப் புல்லைப் பிடித்துக்கொண்டிருந்த அவள் கை எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பெருவிரலை ஒட்டி வைத்துக்கொண்டு கத்தினேன். லயத்தில் யாரும் இல்லை, எல்லாரும் மரத்துக்குப் போயிருந்தார்கள். போயிருந்தால் அவளை இழுத்திருப்பேனா, நானும் சேர்ந்து விழுந்திருப்பேனா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் போகவில்லை என்பது மட்டும் தெரியும். ஐந்தாறு தடவை கூப்பிட்டாள். அப்புறம் கூப்பிடவில்லை.

வேலை முடிந்து ஓடிவந்த அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "எம்புள்ள நல்ல புள்ள, கோட்டத் தாண்டல, சொன்ன பேச்சு கேட்டுச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். லயத்துப் பெண்களெல்லாம் வந்து என் தலையைத் தடவினார்கள். செத்துப்போனவளின் அம்மாவும் தடவினார். அந்தக் கையின் சூடு இன்னும் என் தலையில் இருக்கிறது. அவள் கூப்பிட்டாள் என்பதை அன்றைக்கும் சொல்லவில்லை, அப்புறமும் யாரிடமும் சொல்லவில்லை. கட்டிய புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

அன்றைக்கே ஈரத்துணி போட்டுக் கோட்டைத் துடைத்தேன். புலனக் குழுவிலும் எழுதினேன். தயவுசெய்து கோட்டை அழித்துவிடுங்கள், முனியைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள், ஆபத்து என்றால் யார் சொன்னதையும் மீறி வெளியே ஓடிவரத்தான் பிள்ளைக்கு முதலில் பழக்க வேண்டும் என்று நீளமாக எழுதினேன். முதல் யோசனைக்குக் கட்டைவிரல் படங்கள் குவிந்தன. இதற்கு இரண்டு வந்தன. "இப்பதான் பழக்குனேன், ஏங்க்கா மாத்துறீங்க?" என்று ஒருவர் சலித்துக்கொண்டார். இரட்டைப் பிள்ளைகளின் அம்மா பதிலே போடவில்லை. அவர் அனுப்பிய அந்தப் படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. அழிக்கப் போவேன், அந்த நான்கு பாதங்களைப் பார்ப்பேன், அப்படியே மூடிவைத்துவிடுவேன்.

அக்காவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். இப்போது அவர் ஆறு மணிக்கு முன்பே வந்துவிடுகிறார். மாமியாரை அந்த நேரம் அவர் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். கல்யாணமான நாளாக அந்த மனுஷர் செய்கிற முதல் வீட்டுவேலை இதுதான் என்கிறார் அக்கா.

மகளிடம் முனி பொய் என்று சொன்னேன். நான் கதை கட்டினேன், தப்புதான் என்று சொன்னேன்.

"அப்ப படியில குதிரைச் சத்தம் கேட்டுச்சே, அது யாரு?" என்றாள்.

செருப்புச் சத்தம் என்று சொல்லியிருக்கலாம். லயத்தில் அந்தக் குளம்புச் சத்தத்தை நானும் கேட்டிருக்கிறேன்.

தினம் சாயங்காலம் விளையாட்டு மாதிரி அவளைக் கதவுக்கு வெளியே கூப்பிட்டுப் பழக்கினேன். துடைத்த தரையில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்த இடம் வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்து ஒரே தாவாகத் தாவுவாள். கையைக் கொடுக்காவிட்டால் வர மாட்டாள். போகப் போகச் சரியாகிவிடும் என்றார் அக்கா. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன திங்கட்கிழமை. அக்கா அடுக்களையில் மகளுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். நான் பையை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் போனேன். தரையில் கோடு. வெள்ளையாக, கோணல்மாணலாக, சுவருக்குச் சுவர் இழுத்திருந்தது. மகள் பக்கத்தில் நின்றாள். விரலெல்லாம் சாக்பீஸ் தூள். நான் தூக்கிப்போட்டதில் ஒரு துண்டை எடுத்துப் பென்சில் பெட்டியில் ஒளித்து வைத்திருக்கிறாள்.

"ஏம்மா போட்ட?"

"நீ போற எடத்துல கோடு இல்லல்ல? நீ உள்ளயே இரு."

சிரித்துக்கொண்டே தாண்டிப் போய்விடலாம் என்று காலைத் தூக்கினேன். கால் வரவில்லை. நாற்பது வயதுக்காரி, வெறும் சாக்பீஸ் கோட்டுக்குப் பெருவிரலை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றேன். காதில் "வாக்கா" என்ற அந்தக் குரல் கேட்டது. மகள் என் முகத்தையே பார்த்தாள்.

"பயமா இருக்காம்மா?"

"ஆமா."

கொஞ்சம் யோசித்தாள். குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையால் ஒரு பாதம் அகலத்துக்குக் கோட்டைத் தேய்த்து அழித்தாள். "இப்ப போ" என்றாள்.

அந்த இடைவெளியில் கால் வைத்து வெளியே வந்தேன். கம்பிக்கதவைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது அவள் சாக்பீஸை எடுத்து இடைவெளியை மூடிக்கொண்டிருந்தாள். மூடிவிட்டு எழுந்து, கால்விரல்களைக் கோட்டுக்குச் சரியாக ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"நா தாண்ட மாட்டேம்மா. நா நல்ல புள்ள."

கீழே வேன் ஹார்ன் அடித்தது. நான் பையைத் தரையில் போட்டுவிட்டு அங்கேயே முட்டி போட்டு உட்கார்ந்தேன். கையைக் கோட்டுக்கு இந்தப் பக்கமாகவே நீட்டினேன், அவளாகவே தாண்டி வரட்டும் என்று அவளுக்கு எட்டாத தூரத்தில்.

"வாம்மா" என்றேன்.

அவள் என்னைத் தாண்டிப் படியைப் பார்த்தாள். இரண்டாவது தடவையும் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. வேன் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.